நான் பட்டி பார்த்த நாற்காலி

ஓய்வு பெற்ற மறுவாரமே என்னைத் தையல் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், தனியாக ஒரு வீட்டில் இருப்பவள். இவளுக்குப் பொழுது போக ஊசியும் நூலும் போதும் என்று மன்னார்குடியில் ஆளாளுக்கு முடிவு கட்டிவிட்டார்கள். எனக்குத் தைக்கத் தெரியாமல் இல்லை. சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை. அந்த எரிச்சலில் மர வேலை மன்றத்தில் போய்ச் சேர்ந்தேன். ஏழு பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாள் ஒருவர் எழுந்து எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் ரம்பத்தைக் கையில் எடுத்தேன்.

நான் இப்படித்தான். எனக்கு உதவி செய்ய யாராவது வந்தால் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மற்றவர்களுக்குக் கேட்காமலே போய் உதவி செய்வேன். இந்தக் குணத்தைப் பற்றி அப்போதெல்லாம் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்றம் என்றவுடன் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். திருத்துறைப்பூண்டி போகும் சாலையில், ஓடாமல் கிடந்த ஒரு ரைஸ்மில்லின் குடோன். இரண்டு நீள பெஞ்சுகள், ஒரு வட்ட ரம்ப மிஷின், சுவரில் ஆணியடித்து மாட்டிய உளிகள், இழைப்புளிகள். சில வருடங்களுக்கு முன் அடித்த புயலில் எங்கள் பக்கம் விழாத மரம் இல்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை என்றால் எங்களுக்குப் பூவரசு, வேம்பு, மா, தூங்குமூஞ்சி. விறகாகக்கூட எடுத்துப்போக ஆளில்லாமல் தெருவில் கிடந்ததை மில்காரர் டிராக்டர் வைத்து அள்ளிவந்து குடோனில் அடுக்கினார். ‘இதை அடுக்கி என்ன செய்யப்போறீங்க’ என்று கேட்க வந்த நண்பர்களையே பிடித்து உறுப்பினர்களாக்கினார். விவசாயிகள் இரண்டு பேர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பத்திர எழுத்தர், ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர், பிறகு நான். தச்சர் ஒருவரும் இல்லை. எல்லாரும் ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டோம். அந்த வீடியோக்களில் வருகிற வெள்ளைக்காரர்கள் சூளையில் வைத்து உலர்த்திய பலகையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை.

அங்கன்வாடிக்குக் குட்டி நாற்காலிகள் செய்தோம். நூலகத்துக்கு ஒரு செய்தித்தாள் மேஜை. விவசாயி ஒருவருக்குத் தேனீப் பெட்டி செய்து கொடுத்தோம். தேனீ வரவில்லை, கட்டெறும்பு வந்து குடியேறியது. அவர் கோபிக்கவில்லை. ‘எறும்புக்கும் வீடு வேணும்ல’ என்றார்.

மன்றத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. பெஞ்சில் அரைகுறையாகக் கிடக்கிற வேலை யாருடையது என்று கேட்கக்கூடாது. யார் வருகிறார்களோ அவர்கள் தொடர்ந்து செய்யலாம். நடவு, களை, அறுப்பு என்று விவசாயிகள் வருவதும் போவதுமாக இருந்ததால் வந்த ஏற்பாடு அது. இரண்டாவது, ‘இதை நான் செய்தேன்’ என்று யாரும் சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொன்னவர் அத்தனை பேருக்கும் டீயும் போண்டாவும் வாங்கித்தர வேண்டும். நூலக மேஜை யார் கைவேலை என்று பத்திர எழுத்தரும் மருந்துக்கடைக்காரரும் ஒரு மாதம் பேசாமல் இருந்ததால் வந்த ஏற்பாடு இது. இரண்டுமே நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. அதை வழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுவாக அமைந்துவிட்டது. நடவும் களையெடுப்பும் முடிந்து விவசாயிகளுக்குக் கை ஓய்கிற காலம் கார்த்திகை. அப்போது வயலெல்லாம் பச்சையாக நிற்கும், வாய்க்கால் நிறைந்து ஓடும், மழை விட்டுவிட்டுப் பெய்யும். வெளியே வேலை இல்லாததால் எல்லாரும் குடோனுக்கு வந்துவிடுவோம். வருடத்தின் பெரிய வேலைகளை எல்லாம் கார்த்திகையில்தான் செய்தோம். அதாவது, மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிற மாதத்தில். அப்போது இறுக்கமாக அடித்துச் சேர்த்த மூட்டு பங்குனி சித்திரையில் சுருங்கித் தளரும் என்பதைத் தெரு முனையில் கதவு செய்கிற எந்த ஆசாரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை. வெப்பத்தில் விரிவதையும் குளிரில் சுருங்குவதையும் முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் எழுதிய நான் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டி யோசித்ததே இல்லை.

சர்வேயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரப்புத் தகராறுகளுக்கு நடுவில் சங்கிலி பிடித்து நின்றே தலை நரைத்தவர். ஒரு சாண் நிலத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிற ஊர்களில் வேலை பார்த்ததால் அவருக்கு ‘ஏறக்குறைய’ என்கிற வார்த்தையே பிடிக்காது. பலகையில் கோடு போட்டால் மூன்று தடவை அளப்பார். ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு நேராகக் குடோனுக்கு வருவார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

அவர் வீட்டுக் கழிப்பறையில் தரையோடு பதித்த பீங்கான்தான். அந்த அம்மாவால் குந்த முடியாது. கடையில் வாங்கிய, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஆள் உட்கார்ந்தால் கால்களை அகட்டியது. அதனால் அவரே பூவரசு மரத்தில் ஒரு நாற்காலி செய்தார். உட்காரும் பலகையில் வட்டமாகத் துளை, பிடித்து எழுந்திருக்க இரண்டு பக்கமும் கை, பீங்கானுக்கு மேல் சரியாக வந்து நிற்கிற அளவு. மனைவியின் முழங்கால் உயரத்தை அளந்து, அதற்குத் தகுந்தாற்போல் கால்களை வெட்டினார். அது ஒரு கார்த்திகை. மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பத்திர எழுத்தர் மெதுவாக, ‘எங்க அம்மாவுக்கும் ஒண்ணு’ என்றார். அந்த மழைக்காலத்தில் இருபதுக்கு மேல் செய்தோம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வீடுகளில் முழங்கால் தேய்ந்து தனியாக இருப்பவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனை பேர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மன்றம் செய்த வேலைகளில் உண்மையிலேயே யாருக்காவது தேவைப்பட்ட வேலை அது ஒன்றுதான்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை சர்வேயர் தன் மனைவியின் நாற்காலியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். பின்கால் ஒன்றில் மூட்டு ஆடியது.

“கழுந்து லூசாயிடுச்சு டீச்சர். பிரிச்சு எடுத்துட்டுப் புதுசா போடணும். நாளு பிடிக்கும்” என்றார்.

கழுந்து என்பது சட்டத்தின் நுனியில் செதுக்கிய நாக்கு. காலில் தோண்டிய துளைக்குள் அது போய் உட்காரும். நாற்காலி நிற்பதே அதில்தான். அவர் அதைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஏதோ பழைய நில அளவுக்குத் திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்ல வரச்சொன்னார்கள் என்று, மனைவியை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் திருத்துறைப்பூண்டிக்குப் போய்விட்டார்.

ஞாயிறு மதியம் குடோனில் நான் மட்டும் இருந்தேன். பெஞ்சில் இருந்த நாற்காலியை ஆட்டிப் பார்த்தேன். பிரித்துக் கட்டினால் அரை நாளாவது ஆகும். எனக்கு அதுவரை கழுந்து செதுக்கச் சரியாக வராது, அது வேறு விஷயம். ஆனால் ஒரு வேலை கண் முன்னால் கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பூவரசுத் தூளை அள்ளிப் பசையில் குழைத்தேன். கழுந்துக்கும் துளைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அந்தக் குழம்பைக் கத்தி முனையால் திணித்துப் பட்டி பார்த்தேன். கிளாம்ப் போட்டு இறுக்கினேன். சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒரே மரத்தூள் என்பதால் நிறம் ஒத்துப்போய்விட்டது. தடவிப் பார்த்தால்கூடத் தெரியவில்லை. ஆட்டினேன், அசையவில்லை. எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. தண்ணீரில் கரையும் பசை என்று டப்பாவில் எழுதியிருந்தது. படித்தேன். இது கழிப்பறையில் தினமும் கழுவிவிடப்படுகிற நாற்காலி என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. யோசித்தேன். ‘இப்போதைக்குத் தாங்கும்’ என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மழை பெய்தது. பங்குனியில் எதிர்பார்க்காத மழை. இரவும் பகலுமாக ஊற்றி, உளுந்து போட்டவர்கள் வயிற்றில் அடித்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை சர்வேயர் வந்தார். நாங்கள் நான்கைந்து பேர் இருந்தோம். அவர் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிக் காலைப் பிடித்து ஆட்டினார். மறுபடி ஆட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா டீச்சர்? மழை ஈரத்துல மரம் ஊதி, தானா இறுகிடுச்சு. நீங்க சொல்லுங்க, சயின்ஸ் சரிதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனை தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நான்தான் செய்தேன் என்று சொன்னால் டீ வாங்கித்தர வேண்டும், விளையாட்டாக ஓட்டுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த கேள்வி ‘எப்படிச் செய்தீர்கள்’ என்பதாக இருக்கும். பிரிக்காமல் பூசி மெழுகியிருக்கிறேன் என்று, மூன்று தடவை அளக்கிற மனிதரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, என் பட்டியை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. “சரிதான் சார்” என்றேன். அவர் அந்த மூட்டின் மேல் இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார்.

சித்திரையில், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம், காலை ஆறு மணிக்கு அந்தப் பின்கால் கழன்று போனது. அந்த அம்மா பக்கவாட்டில் சரிந்து பீங்கான் விளிம்பில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கதவுக்கு வெளியே துண்டோடு நின்றிருந்த சர்வேயர்தான் தூக்கினார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். முதுகில் படுக்கைப்புண் வந்தது, பிறகு நெஞ்சில் சளி கட்டியது. இருபத்திரண்டு நாள் கிடந்து அந்த அம்மா இறந்துபோனார். நான் தினமும் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கஞ்சி கொண்டு போனேன். ‘டீச்சரைப் போல யாரு வருவா’ என்று அந்த அம்மா கோணிய வாயால் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாதது போல் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா விழுந்த மறுநாள் காலை மில்காரர் உடைந்த நாற்காலியைக் கொண்டுவந்து குடோனில் போட்டுவிட்டுப் போயிருந்தார். என்னிடம் ஒரு சாவி உண்டு. யாரும் வருவதற்கு முன் போனேன். கழன்ற கழுந்தின் மேல் என் பட்டி ஊறிப் போய், பாகு பதம் தப்பிய வெல்லம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துளைக்குள்ளும் அதே. யார் பார்த்தாலும் தெரிந்துவிடும். ஒரு சின்ன உளியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் விடைத்தாளில் ரப்பரால் அழித்து எழுதியிருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறவள் நான். எங்கே தடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடமும் இல்லாமல் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

பிறகு சர்வேயர் வந்து அந்தக் கழுந்தைப் பார்த்தார். அளந்தார். கால் அங்குல இடைவெளி.

“ஒரு நாள் மழையை நம்பிட்டேன். பிரிச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு, சோம்பேறித்தனம். இறுகிடுச்சுன்னு விட்டுட்டேன்” என்றார். எங்களிடம் மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், பங்குச் சாமியாரிடம், வந்தவர் போனவர் எல்லாரிடமும் அதையே சொன்னார். குவைத்திலிருந்து ஓடிவந்த மகளிடமும் சொன்னார்.

அவள் குடோனுக்கு வந்து அந்த நாற்காலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், குழியில் மண் போட்டு முடித்த பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“கடையில போயி நல்லதா ஒண்ணு வாங்கித் தாரேன்னு எத்தனை தடவை சொன்னேன்? உங்க கைவேலையைக் காட்டத்தான் அம்மாவை அதுல உக்கார வச்சீங்க.”

எட்டாம் நாள் கிளம்பிப் போனாள். அதன் பிறகு அப்பாவின் ஃபோனை எடுப்பதில்லை.

அந்தக் கோடையில் நாங்கள் கொடுத்த எல்லா நாற்காலிகளையும் திரும்ப வாங்கி வந்து பிரித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது சர்வேயர்தான். ஊர் ஊராக டாட்டா ஏஸ் வண்டியில் போனோம். கொடுக்க யாருக்கும் மனமில்லை. வடுவூர்ப் பக்கம் ஒரு பெரியவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. “இதையும் எடுத்துட்டுப் போயிட்டா நான் எங்க போறது? மக வர்றதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு” என்றார். நாலு நாளில் கொண்டுவந்து கொடுத்துவிடுவோம் என்று சத்தியம் செய்யாத குறையாக வாங்கி வந்தோம். பிரித்ததில் பாதிக்கு மேல் ஆடிக்கொண்டுதான் இருந்தன. புதுக் கழுந்து வைத்து, குறுக்கே ஆணி போல மர முளை அடித்து, தண்ணீர் தாங்கும் பசை போட்டுச் சேர்த்தோம். நான் பேய் மாதிரி வேலை செய்தேன். கை கொப்பளித்தது. கழுந்து செதுக்க அப்போதுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ‘டீச்சர் மாதிரி உழைக்க ஆள் கிடையாது’ என்று மில்காரர் சொன்னபோது அவரை அறைய வேண்டும் போல் இருந்தது.

சர்வேயர் மட்டும் எதையும் தொடவில்லை. வண்டியில் கூட வருவார், வீடு காட்டுவார், மன்னிப்பு கேட்பார். குடோனில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது உளியை நீட்டினால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. காவிரியில் தண்ணீர் வந்தது, நடவு நடந்தது. சொல்லாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது. முதலில் பட்டி பார்த்ததை மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. பிறகு சுரண்டியதையும் சொல்ல வேண்டும். பிறகு கஞ்சி கொண்டு போனதையும், இத்தனை மாதம் அவர் தன்னையே திட்டிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவரிடம் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்றுதான். முப்பத்தோரு வருடத்தில் சேர்த்த மரியாதை அது. அதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஐப்பசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். கல்லறைத் திருநாள் வருகிறது. மனைவியின் கல்லறையில் குழிவெட்டுகிறவர் அன்றைக்கு ஆணியடித்து நட்ட இரண்டு குச்சிகள்தான் இன்னும் சிலுவையாக நிற்கின்றன என்றார்.

“தேக்குல ஒரு சிலுவை வேணும். நீங்க பண்ணித் தரணும் டீச்சர். நீங்க மட்டும்.”

“ஏன் சார், எல்லாரும் சேர்ந்தே...”

“வேணாம். உங்க கையால இருக்கட்டும். என் கை அதுல படவே கூடாது.”

மறுநாள் குடோனில் செய்தேன். நன்றாக உலர்ந்த பழைய தேக்கு ஜன்னல் சட்டம் ஒன்றை எடுத்து, இரண்டு துண்டையும் பாதி பாதி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைத்தேன். பசை போடவில்லை. நடுவில் மர முளை அடித்தேன். வெளியே மழை. அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முளையை அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் சிலுவையைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பட்டி, பசை டப்பா, மழை நாள், சுரண்டியது, கஞ்சி, எல்லாம். அழவில்லை. வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன்.

அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“ஆப்பு ஏதாவது வச்சீங்களா? பட்டி மட்டுமா?”

“பட்டி மட்டும்தான் சார்.”

எழுந்து போய் வாசலில் மழைக்குப் பக்கத்தில் நின்றார். என்னைத் திட்டுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அப்படிச் செய்தால் நல்லது என்று நினைத்தேன். திரும்பி வந்து, “பாப்பாகிட்ட சொல்லுவீங்களா?” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பேராசை இருந்தது. ஆறு மாதமாகத் தொலைந்து போயிருந்த ஒன்று கண்ணில் பட்டுவிட்டவரின் குரல்.

“சொல்றேன் சார். இப்பவே வேணாலும் சொல்றேன்.”

மறுநாள் வெள்ளிக்கிழமை, குவைத்தில் மகளுக்கு விடுமுறை. மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நம்பரை அவள் எடுக்கமாட்டாள் என்பதால் என் ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். அவரும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். உடனே எடுத்துவிட்டாள்.

“டீச்சர்! எப்படி இருக்கீங்க? நீங்க ஃபோன் பண்ணுவீங்கன்னு நெனைக்கவே இல்ல.”

சொன்னேன். அவரிடம் சொன்ன அதே வரிசையில், ஒன்றையும் விடாமல். முடித்த பிறகு, “நீ என்னைத்தான் திட்டணும்மா. அப்பாவை இல்ல” என்றேன்.

“டீச்சர், அப்பா பக்கத்துல இருக்காரா?”

“இருக்காரு.”

“அவருதானே உங்களைச் சொல்லச் சொன்னாரு?”

“இல்லம்மா. நானாத்தான் சொல்றேன்.”

“விடுங்க டீச்சர். பிராக்டிகல்ல ஒரே ஒரு ரீடிங்கை மாத்தி எழுதுனேன்னு என்னை ஒரு நாள் பூரா வெளில நிக்க வச்சவங்க நீங்க. நீங்க பண்ணியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்க. அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப தினமும் வந்தீங்களே, மனசுல இதை வச்சுக்கிட்டா கஞ்சி ஊட்டுனீங்க? அப்படி ஒரு ஆளா நீங்க?”

“ஆமாம்மா. அப்படி ஒரு ஆளுதான்.”

“அந்தக் கட்டையை நானே கையில எடுத்துப் பாத்தேன் டீச்சர். பட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுத்தமா இருந்துச்சு.”

“சுரண்டினது நான்தாம்மா, சொன்னேனே...”

“ஐயோ, போதும் டீச்சர். உங்களைப் போயி இப்படிப் பொய் சொல்ல வச்சிருக்காரே. ஃபோனை அவருகிட்ட குடுங்க.”

கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்து ஃபோனுக்கு மேல் குனிந்திருந்தார்.

“அப்பா” என்றாள். ஆறு மாதத்தில் அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நீங்கதானே டீச்சரைச் சொல்லச் சொன்னீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டினேன்.

“ஆமாம்மா” என்றார். “நான்தான் சொல்லச் சொன்னேன்.”

“சார்!” என்று நான் எழுந்துவிட்டேன். அவர் உள்ளங்கையை என் பக்கம் நீட்டித் தடுத்தார். அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே திட்டினாள். செய்த தப்பு போதாது என்று அதை இன்னொருத்தர் தலையில் கட்டப் பார்த்தீர்களா, டீச்சரின் காலில் விழுந்து கெஞ்சினீர்களா, உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டாள். “ஆமாம்மா, தப்புதான். ஆமாம்மா” என்று அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திட்டி ஓய்ந்த பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சாப்டீங்களா?” என்றாள். “சாப்ட்டேம்மா.” “சுகர் மாத்திரை போடுறீங்களா?” “போடுறேம்மா.” “யாரு சமைக்கிறா?” அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தேன். என் ஃபோன் என்பதால் எழுந்து போகவும் முடியவில்லை.

அதன் பிறகு அவள் வெள்ளிக்கிழமைதோறும் அவரோடு பேசுகிறாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள் என்று சொல்ல அவர் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நான் கொடுத்த காப்பியை முழுதாகக் குடித்தார்.

“இனிமே அதை யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர்” என்றார். “மன்றத்துலயும் சொல்லாதீங்க. அவ காதுக்குப் போச்சுன்னா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆயிடும். மறுபடி பேசாம போயிடுவா. எனக்கு வேற யாரு இருக்கா?”

சரி என்றேன். இதை எழுதும்போது யார் பெயரையும் எழுதாமல் விட்டதற்கு அதுதான் காரணம். ஊரில் என் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் கூடியிருக்கிறது. அந்தப் பெண் தன் தோழிகளிடம், டீச்சர் அப்பாவுக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார் என்று சொல்லியிருக்கிறாள். பழைய மாணவி ஒருத்தி கடைத்தெருவில் என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டாள்.

அன்று அவர் கிளம்பும்போது வாசல் வரை போனேன். கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அவ உங்களை மன்னிச்சிட்டா சார். நீங்க என்னை மன்னிச்சிட்டீங்களா?”

குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“அதை மட்டும் கேக்காதீங்க டீச்சர்” என்றார். பிறகு கேட்டைத் திறந்துகொண்டு போனார்.